கரை வழிக்கு ஒரு சைக்கிள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மோட்டார் ஓடவில்லை. கீழ்வீட்டுத் தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீரை மாடிக்கு ஏற்றினேன். துணி துவைத்துக் காயப்போட்டு, உலை வைத்துவிட்டு, மிருதுளாவை வீடியோவில் கூப்பிட்டேன். வாயைத் திறந்து காட்டினாள். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் நாக்கை நீட்டிச் சிரித்தாள்.

"நீ எப்பம்மா வருவ?" என்று கேட்டாள். கால் சரியானதும் வருகிறேன் என்றேன்.

நான் இருக்கும் சத்தியிலிருந்து அவள் இருக்கும் கோபிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போன நவம்பரில் தாளவாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மிருதுளாவைக் கோபியில் என் வீட்டுக்காரர் பூபதியின் தங்கை ஜெயசுதாவிடம் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வரும்போது திம்பம் மலைப்பாதையில் கார் மோதியது. பூபதி போய்விட்டார். என் தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். என்னால் எழுந்து நடக்க முடியாமல் இருந்ததால் பிள்ளையை அங்கேயே மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். இப்போது நான்காம் வகுப்பு.

கால் இன்னும் சரியாகவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் நல்ல கூட்டம். வருமானச் சான்றுக்கு வந்தவர்கள் வாசல் வரை நின்றார்கள். மதியம் சாப்பிடும்போது பக்கத்து இருக்கை ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, பஸ் ஹாரன் அடிக்கும்போது மட்டும் காலைப் பிடிச்சுக்கறீங்க" என்றாள். கல்யாணமாகாத பெண். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள். பிளேட் வைத்த இடம் அப்படித்தான் என்று சொன்னேன்.

எலும்பு டாக்டர் ஏப்ரலில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் படத்தைத்தானே பார்க்கிறார்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று கோபிக்குப் போவதாக முடிவு செய்து, மிருதுளாவுக்கு ஒரு பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கோபி வண்டி நின்றுகொண்டிருந்தது. பாதி இருக்கைகள் காலி. கண்டக்டர் ஏறச் சொன்னார். கம்பியைப் பிடித்தேன். அந்த நேரம் டிரைவர் பிரேக்கை விட்டார். காற்று உஸ்ஸென்று இறங்கியது.

அடுத்து நான் எப்படி டீக்கடைப் பெஞ்சுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. சேலை முன்புறமெல்லாம் நனைந்திருந்தது. யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். டீக்கடை அம்மா கர்ப்பமா என்று கேட்டார். இல்லை, காலில் வலி என்றேன்.

படி மிகவும் உயரம். அதனால்தான் ஏற முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெயசுதாவிடம் போனில் பேசினேன். கோபியிலிருந்து யாரும் மிருதுளாவை வண்டியில் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். இன்றும் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் சரிங்க அண்ணி என்றாள். ஒரு தடவையாவது, நான் கூட்டிக்கிட்டு வரட்டுமா என்று அவள் கேட்டிருக்கலாம். பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டாளோ என்னவோ. நாள் முழுக்க அதே நினைப்பு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கீழ்பவானி வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டுகிறாள். வெறும் மண்பாதை, லாரியும் பஸ்ஸும் அங்கே வராது, நிழல் உண்டு, இப்படியே போனால் கோபிப் பக்கம் வரை போய்விடலாம் என்றாள். சும்மா சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு, "சைக்கிள்னா நீங்களேதான் ஓட்டணும், நீங்களேதான் நிறுத்தணும். வேற யாரு கையிலயும் இல்லக்கா" என்றாள்.

பள்ளிக்கூட நாட்களில் நான் சைக்கிளில் போனவள்தான். காலுக்குப் பயிற்சியாக இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஸ்டெல்லாவோடு அன்வர் பாயின் சைக்கிள் கடைக்குப் போனேன். முதலில் அவர் இழுத்து வந்தது முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒரு பெரிய வண்டி. கட்டை கட்டையாகச் சட்டம், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. காலேஜ் பசங்க எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் ஸ்பிரிங் வைத்த வண்டியில் உண்மையிலேயே நல்லது வேண்டுமென்றால் விலை எங்கேயோ போய்விடும். இதில் இருப்பது வெறும் எடை, மிதிக்கிற பலத்தில் பாதியை அதுவே தின்றுவிடும், மண்பாதைக்கு முன்னால் மட்டும் இருந்தால் போதும் என்றாள்.

அடுத்தது அளவு. எல்லாருக்கும் ஒரே அளவுதான் என்றார் பாய். ஸ்டெல்லா என்னை வண்டியின் நடுக்கம்பிக்கு இருபுறமும் காலை ஊன்றி நிற்கச் சொன்னாள். நுனிக்கால்தான் தரையில் பட்டது. நடுக்கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கையாவது நுழைய வேண்டும், தடுமாறுகிற நேரத்தில் பாதம் முழுசாக ஊன்ற வேண்டும் என்றாள். பாய் உள்ளே போய்ச் சின்னச் சட்டம் வைத்த ஒரு சாம்பல் நிற வண்டியை எடுத்து வந்தார். அலாய் சட்டம். ஒரு கையால் தூக்க முடிந்தது. டயர் தடிமனாக, மண்ணைக் கவ்வுகிற மாதிரி மேடு பள்ளமாக இருந்தது. முன்னால் ஒரே பல்சக்கரம், கியர் எல்லாம் பின்னால். குழப்பமில்லை.

எனக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. பிரேக் பிடிக்குமா என்று கேட்டேன். பாய் பிரேக்கை அழுத்திக்கொண்டு தள்ளிப் பாருங்கள் என்றார். முழுப் பலத்தோடு தள்ளினேன். அசையவில்லை. கம்பி இழுக்கிற டிஸ்க் பிரேக் அது. எண்ணெயில் வேலை செய்கிற பிரேக் இன்னும் மெத்தென்று பிடிக்கும், ஆனால் வழியில் கசிந்தால் சாதாரணக் கடையில் சரி செய்யத் தெரியாது, கம்பி என்றால் எந்தக் கடையிலும் முறுக்கித் தருவார்கள் என்றார்.

டிஸ்க் தட்டு சூடானாலும் பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்கும் என்றார். கம்பி அறுந்துவிட்டால்? இன்னொரு பிரேக் இருக்கிறதே என்றார். இரண்டும் அறுந்துவிட்டால்?

அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினார். "ரெண்டும் போனா நீங்க இறங்கிக்கலாம்மா. இது காரு இல்ல" என்றார்.

வாங்காமல் வந்துவிட்டேன். 

ஆகஸ்ட் 18, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்களாம். இனி கரையை ஒட்டித் தண்ணீர் ஓடும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாம்பல் நிற வண்டியை வாங்கினேன். சீட்டின் உயரத்தைப் பாயே சரிசெய்தார். ஒரு ஹெல்மெட், காற்றடிக்கிற சின்ன பம்பு, பஞ்சர் ஒட்டுகிற சாமான்களை ஸ்டெல்லா எடுத்து வைத்தாள். வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறி, கூடத்தில் நிறுத்தினேன். படுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஓட்டவில்லை. வேலை அதிகம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஸ்டெல்லா வந்து விடாப்பிடியாகக் கரைக்குக் கூட்டிப் போனாள். ஒரு பக்கம் கலங்கலான தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. மறுபக்கம் கரை சரிந்து வாழைத்தோட்டத்தில் இறங்குகிறது. நடுவில் மண்பாதை. கொஞ்சம் இந்தப் பக்கம் போனால் தண்ணீர், அந்தப் பக்கம் போனால் பள்ளம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அடுத்த பாலம் வரை போய்த் திரும்பினோம். ஸ்டெல்லா முன்னால் போகும்போது அவள் காணாமல் போய்விடுவாளோ என்று பயம், பின்னால் வந்தால் மோதிவிடுவாளோ என்று பயம். அவள் கடைசியில் பக்கத்திலேயே ஓட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போன அந்தச் சைக்கிளில் எனக்குப் பயம் என்ற ஒன்று இருந்ததாகவே நினைவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

விழுந்தேன். பாலத்தடியில் கரையிலிருந்து ஒரு சரிவு இறங்குகிறது. வேகம் கூடியதும் முன்பிரேக்கை மட்டும் இறுக்கிவிட்டேன். முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையும் முகவாயும் சிராய்த்துப்போயின. ஸ்டெல்லா ஓடி வந்து தூக்கினாள். சரிவில் உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டுமாம்.

எனக்கு அடி வலிக்கவில்லை. அந்தச் சரிவில் என் மூக்குக்கு எரிகிற வாசனை வந்தது. சைக்கிளில் அப்படி வாசனை வராது என்று தெரியும். ஆனாலும் வந்தது.

எழுதிவிடுகிறேன். திம்பத்தில் இறங்கும்போது முதலில் வந்தது அந்த வாசனைதான். நான் அவரிடம் சொன்னேன். அவர் பிரேக்கைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். "பிடிக்க மாட்டேங்குது கோகிலா" என்றார். சத்தம் போடவில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைகிறது என்பது போலச் சொன்னார். எனக்கு இடப்பக்கம் பள்ளம். அவர் வண்டியை வலப்பக்கம் ஒடித்து, தன் பக்கம் பாறையில் மோதும்படி விட்டார்.

மஞ்சள் பற்று போட்டேன். பால் திரிந்துவிட்டது, காபி குடிக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மிருதுளாவை வீடியோவில் கூப்பிட்டேன். காலாண்டுத் தேர்வு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அது யாரு சைக்கிள்?"

என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

"நீ ஓட்டுவியா?"

"கொஞ்ச தூரம் ஓட்டுவேன் கண்ணு."

 அவள் அப்பாவைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். பிறகு போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். விட்டத்தில் மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது. ஜெயசுதா எடுத்து, அவள் பேச மாட்டேன் என்கிறாள் அண்ணி என்றாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஜெயசுதா குரலைத் தணித்துச் சொன்னாள்.

"கால் வலிச்சா சைக்கிள் ஓட்ட முடியாதாம். அம்மாவுக்கு இங்க வரப் பிடிக்கலன்னு சொல்றா."

செப்டம்பர் 14, ஞாயிறு

கூப்பிட்டேன். வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் வரவில்லை. மையத்தில் ஒரு பாட்டியின் ஆதாரில் பிறந்த தேதியை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தனியாக ஓட்டினேன். முதல் முறையாகப் பாதித் தொலைவு தாண்டியிருப்பேன். கரையில் ஓர் எருமைக்கூட்டம் எதிரே வந்தது. ஓரமாக இறங்கி நிற்கத்தான் இடம் இருந்தது. ஓரமென்றால் தண்ணீர்ப் பக்கம். அவை உரசிக்கொண்டு போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அதன்பின் முன்னே போக மனம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து காலைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை. அழுத்திப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

தேர்வு முடிந்து அவளுக்கு இன்றிலிருந்து விடுமுறை. நாளை போகிறேன். ஜெயசுதாவிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பொய். ஸ்டெல்லா கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, இப்போது வருத்தமாக இருக்கிறது. டயருக்குக் காற்று அடித்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்ள வேண்டும். பாவாடை சட்டையைப் பைக்குள் வைத்தாயிற்று.

கோபி கோபி என்று மனது அடித்துக்கொள்கிறது. வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு, கோபி

நேற்று வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். எருமைகள் வந்த இடத்தைத் தாண்டும்வரை நினைத்ததைவிட எளிதாகவே இருந்தது. வண்டி நல்ல வண்டி. கல்லிலும் சேற்றிலும் முன்ஸ்பிரிங் அமுங்கி அமுங்கி எழுந்தது, கைக்கு அதிர்ச்சி வரவில்லை. மேட்டில் சின்ன கியருக்கு மாற்றினால் மூச்சு வாங்காமல் ஏறியது. சரிவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு ஒன்றிரண்டில் பின்னால் சாய்ந்து ஓட்டியே இறங்கினேன்.

ஒரு பாலத்தருகே வழி அடைபட்டிருந்தது. மழையில் கரை சரிந்து, மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே மெயின் ரோட்டில் போய் அடுத்த பாலத்தில் திரும்பக் கரையேறச் சொன்னார்கள்.

மெயின் ரோடு என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றேன். கரும்பு லாரிகளும் பேருந்துகளும் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றும் போகும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் அப்படியே நின்றேன். திரும்பிவிடலாம் என்று வண்டியைத் திருப்பவும் செய்தேன்.

அப்போது பால்வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும், நரைத்த மீசை. பெயர் ரங்கப்பன் என்று பிறகு சொன்னார். வண்டி ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்னால இடமிருக்குது. சைக்கிளைப் போட்டுட்டு ஏறிக்குங்க அம்முணி" என்றார். மாட்டேன் என்று தலையாட்டினேன்.  அழுதுகொண்டிருந்திருக்கிறேன். பிறகு எப்படியோ சொன்னேன், எந்த வண்டியிலும் என்னால் ஏற முடியாது, ரோட்டில் ஓட்டவும் பயமாக இருக்கிறது, மகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

"அப்ப நீங்க முன்னால ஓட்டுங்க. நான் உங்களுக்குப் பின்னாலயே மெதுவா வர்றேன். என்னைத் தாண்டித்தான் எந்த வண்டியும் வரோணும்."

அப்படியே செய்தார். நான்கு பக்க விளக்கையும் மினுக்க விட்டுக்கொண்டு, நான் மிதிக்கிற வேகத்துக்கு அந்தப் பால்வண்டி பின்னால் வந்தது. எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஒரு பேருந்து ஒட்டிக்கொண்டு கடந்தபோது சைக்கிள் ஆடியது. கத்தினேன் என்று நினைக்கிறேன். நிறுத்தவில்லை. ரங்கப்பனின் வண்டி இஞ்சின் சத்தமும் பயமாகத்தான் இருந்தது, அது நின்றுவிடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. அடுத்த பாலத்தில் நான் கரையேறியதும் அவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பால் திரிந்திருக்குமோ என்னவோ. அதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மதியம் ஜெயசுதா வீட்டு வாசலில் நின்றேன். உடம்பெல்லாம் சேறு. அவள் என்னைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போய், உள்ளே பார்த்து மிருதுளாவைக் கூப்பிட்டாள். மிருதுளா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடியோவில் தெரிந்ததைவிட உயரம். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். வரவில்லை. சைக்கிளைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள்.

"கால் சரியாயிருச்சா?"

"எப்பவோ சரியாயிருச்சு கண்ணு. அம்மாவுக்கு வண்டியில ஏறப் பயம். அதைச் சொல்லத் தெரியாம காலைச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

மிருதுளா அத்தையைப் பார்த்தாள். ஜெயசுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இவளும் ஏற மாட்டேங்கறா அண்ணி. அண்ணன் போனதுல இருந்து ஸ்கூட்டி, ஆட்டோ எதுலயும் ஏறல. தினமும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேதான் கூட்டிட்டுப் போறேன். நீங்க இருக்கற நிலைமையில இதையும் சொன்னா தாங்க மாட்டீங்கன்னு சொல்லல."

வண்டியில் கூட்டிவர வேண்டாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் சரி சரி என்றது இதனால்தான். இத்தனை மாதமாக ஒரு வாய்க்காலின் இரண்டு முனைகளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

மிருதுளா வெளியே வந்தாள். என் முகவாயில் இருந்த சிராய்ப்புத் தழும்பைத் தொட்டாள்.

"வர்றப்ப பயமா இல்லயா?"

"பயமாத்தான் இருந்துச்சு."

"எவ்வளவு தூரம்?"

"முழுக்க."

அப்போதுதான் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சேறு பட்டுவிடும் என்றேன். காதில் வாங்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மையத்துக்கு ஒரு வாரம் விடுப்பு சொன்னேன். ஸ்டெல்லா போனிலேயே மிருதுளாவிடம் உயரம் கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தச் சக்கர அளவு, கியர் வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் என்னை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரையாண்டு விடுமுறைக்குள் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டால், வழியில் ஒரு ராத்திரி யார் வீட்டிலாவது தங்கி, கரை வழியாகவே சத்திக்குப் போகலாம். போக முடியுமா என்று தெரியவில்லை. என் வண்டியில் அவளை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே இறக்கிவிடச் சொன்னாள். இறக்கிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சைக்கிளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள் மிருதுளா. கைப்பிடிக்குச் செவ்வந்தி சுற்றினாள். ஜெயசுதாவின் ஸ்கூட்டிக்கும் பொட்டு வைக்கச் சொன்னோம். எட்ட நின்று, கையை மட்டும் நீட்டி வைத்துவிட்டு வந்தாள்.

பொரி தீர்ந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் கடைக்கு நடந்து போனோம். திரும்பும்போது பின்னால் பேருந்துச் சத்தம் கேட்டது. ஓரமாக ஒதுங்கி, ஒரு வீட்டுச் சுவரோடு சுவராக நின்றோம். அவள் கை என் கைக்குள் இறுகியது. என் கையும் இறுகியிருந்தது. பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து, வளைவில் திரும்பி மறைந்தது.

"போயிருச்சு" என்றாள் அவள்.

"ஆமா, போயிருச்சு" என்றேன்.

பொரிப் பையை அவள் வாங்கிக்கொண்டாள். நடந்தோம்.